பரணில் இருக்கும் ஏடுகள்

அன்புள்ள நண்பா,

நலம். பேத்திக்குக் காய்ச்சல் தணிந்துவிட்டது என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் மனம் ஆறியது. இங்கே எனக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அந்தத் துணிச்சலில் போன வாரம் பஸ் ஏறித் தரங்கம்பாடிக்குப் போய் வந்தேன்.

அங்கே புதிய எருசலேம் ஆலயத்தில், கிறித்தவ சமயம் பரப்ப வந்த ஜெர்மானியர் சீகன்பால்கின் கல்லறை இருக்கிறது. 1718இல் அந்த ஆலயத்தைக் கட்டி முடித்தவர், மறு ஆண்டு பிப்ரவரியில் அதற்குள்ளேயே அடக்கமானார். வயது 36தான். நம் பிள்ளைகளைவிடச் சின்னவர் என்ற நினைப்பு வந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஜெர்மனியின் ஹாலேயில் இறையியல் படித்தவர். டென்மார்க் அரசர் அனுப்ப, 1706 ஜூலையில் இங்கே வந்து இறங்கினார். வயதான ஒரு வாத்தியாரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் பழகினார்.

எல்லோரும் அவர் தமிழ் நூல்கள் அச்சடித்த அச்சகத்தைத்தான் பேசுவார்கள். பெரிய காரியம்தான். ஹாலேயிலிருந்து வந்த எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் போதவில்லை. பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கிச் சின்ன எழுத்துகள் வார்த்தார்கள். ஆனால் என்னை உலுக்கியது அவருடைய ஏட்டு ஆசை. உள்நாட்டு ஊர்களுக்கு ஆள் அனுப்பி, இறந்துபோன புலவர்களின் மனைவிமாரிடம் ஏடுகளை விலைக்கு வாங்கியிருக்கிறார். 1708இல், வந்து இரண்டே ஆண்டுகளில், 119 தமிழ் நூல்களைப் பட்டியலிட்டுக் குறிப்பு எழுதினார். தொல்காப்பியம் இருக்கிறது, திருக்குறள் இருக்கிறது. நாம் ஒப்பித்த கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மனில் பெயர்த்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் அப்போது தரங்கம்பாடியை ஆண்ட டேனிஷ் தளபதி அவரைச் சிறையில் போட்டுவிட்டான், நான்கு மாதம்.

நம் சமயத்தை மாற்ற வந்தவர்தான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் ஊர்க்காரர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டுக்கேட்டு, 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி முழு நூலே எழுதினார். உருவ வழிபாட்டை ஒழிக்க அனுப்பினால் அதை ஐரோப்பாவில் பரப்பப் பார்க்கிறாரே என்று ஹாலேயில் அச்சிட மறுத்துவிட்டார்கள். அது சென்னையில் அச்சேறியது 1867இல். அவர் பார்க்காமலே போனது எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் தாத்தா இறந்ததும் வீட்டிலிருந்த ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டார்கள். கரையில் நின்று நானும் வேடிக்கை பார்த்தேன். என்ன நூல்கள் என்று யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் சிவப்புத் துணியில் கட்டிய ஒரு சுவடிக் கட்டு இருந்ததே, இன்னும் இருக்கிறதா? இருந்தால் அவசரப்பட்டுப் பிரிக்காதே, ஓலை ஒடிந்துவிடும். தை பிறந்ததும் வருகிறேன். சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
உன் நண்பன்