தேயிலைக்கு முன்னே பைன் மரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க விடுதலைப் போர் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் போருக்குக் காரணமாகத் தேயிலை வரி, முத்திரை வரி எல்லாம் இருந்தன, சரி, மரம் எங்கே போனது?

இங்கிலாந்தில் காடு சுருங்கி, விறகுக்குத் திண்டாடி, மக்கள் நிலக்கரிக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் அமெரிக்காவின் வடகிழக்கில், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நியூ இங்கிலாந்தில் குடியேறியவர்களுக்குத் திரும்பிய பக்கமெல்லாம் மரம்தான். வீடு, கூரை, வேலி, சாப்பிடும் தட்டு வரை மரத்தில் செய்தார்கள். இரும்பு உருக்க மரக்கரி, சோப்புக்குச் சாம்பல் உப்பு, மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரைக்கும் ரம்முக்கும் பீப்பாய்ப் பலகை என்று தொழில்களும் அதை ஒட்டியே வளர்ந்தன. கப்பல் கட்டுவதும் அங்கே மலிவு. 1775 வாக்கில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று அங்கே கட்டப்பட்டது.

வம்பு வந்தது வெள்ளைப் பைனால். போர்க்கப்பல் பாய்மரத்துக்கு நெடுநெடுவென்று வளர்ந்த மரம் வேண்டுமே! 1691-ல் நியூ இங்கிலாந்தின் மாசசூசெட்ஸ் பகுதிக்குப் பிரிட்டிஷ் அரசு கொடுத்த சாசனம், தனியாருக்குக் கொடுக்காத நிலத்தில் 24 அங்குல விட்டத்துக்கு மேற்பட்ட மரமெல்லாம் அரசருக்கே என்றது. அப்புறம் அரசரின் ஆட்கள் அந்த மரங்களில் கோடரியால் அம்புக்குறி வெட்டி அடையாளம் வைத்தார்கள், மக்களும் அவற்றை இரவோடு இரவாக வெட்டினார்கள். 1772-ல் நியூ ஹாம்ப்ஷயரின் வேர் (Weare) என்ற ஊரில், மரம் வெட்டியதற்கு அபராதம் கட்டாதவரைக் கைது செய்ய வந்த ஷெரீப்பை, அதாவது அரசின் சட்ட அதிகாரியை, பிரம்பால் விளாசியே அனுப்பினார்கள். தேயிலை வரியை எதிர்த்துப் பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டியது அதற்கு அடுத்த ஆண்டுதான்.

1775-ல் அமெரிக்கப் படைத்தலைவர் வாஷிங்டனின் கப்பல்களில் பறந்த கொடியிலும் பைன் மரமே இருந்தது. அந்தப் படத்தையாவது போட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்