நாலரை மாதம்கூட இல்லை

அன்புள்ள நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். ஆலய வேலை பாதியில் நிற்கும்போது மாற்றல் உத்தரவு வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். பிரதிஷ்டையை வேறொரு போதகர் நடத்துவார் என்ற வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். உடனே பதில் எழுதக் கை வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை தரங்கம்பாடி போய் வந்தேன். அதன் பிறகுதான் எழுதத் தோன்றியது.

ராஜ வீதியில் உள்ள புது எருசலேம் ஆலயத்துக்கு, படிக்கிற காலத்தில் நாம் சேர்ந்து போனோமே, ஞாபகம் இருக்கிறதா? முகப்பில் டென்மார்க் ராஜாவின் கிரீடத்தையும் 1718 என்ற எண்ணையும் பார்த்துவிட்டுக் கடற்கரைக்கு ஓடிவிட்டோம். இந்த முறை பலிபீடத்துக்கு முன்னால், அதைக் கட்டிய, டென்மார்க் ராஜா அனுப்பிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க்கின் கல்லறையருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆலயப் பிரதிஷ்டை 1718 அக்டோபர் 11. அவர் இறந்தது 1719 பிப்ரவரி 23. எண்ணிப் பார், நாலரை மாதம்கூட இல்லை. வயது 36. 1706-இல் வந்து இறங்கி, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் அ, ஆ எழுதிப் பழகியவர். நான்கு மாதம் சிறையில் கிடந்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். கடைசியில் இந்த ஆலயம். அதற்கும் நல்ல வார்த்தை கிடைக்கவில்லை. கோபன்ஹேகனில் மிஷன் செயலாளராயிருந்த வெண்ட், ஊர் ஊராய்ப் போய்ப் பிரசங்கிப்பதை விட்டுக் கட்டடம் எதற்கு என்று கடிந்துகொண்டார்.

வெண்ட்டின் கேள்வியை என்னால் தள்ளிவிட முடியவில்லை. நம் சபைகளில் அலங்கார வளைவுக்கும் டைல்ஸுக்கும் போகிற காணிக்கையைப் பார்த்து நானும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் இதே ஆலயத்தில், அவர் போய் ஏறக்குறைய 15 வருஷம் கழித்து, 1733 டிசம்பரில் கடலூர்க்காரர் ஆரோனுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். இந்தியாவின் முதல் புரொட்டஸ்டண்ட் சுதேச குரு. தமிழ்ப் பிள்ளைகளிடம் எழுத்துக் கற்றவர் கட்டிய ஆலயத்தில், ஒரு தமிழர் மேய்ப்பரானார். சீகன்பால்க் அதைப் பார்க்கவில்லை. அதை நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நீ ஆறு வருஷமாக அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுத்தாயே, அதை யாரிடம் ஒப்படைக்கிறாய்? உன் கடிதத்தில் கட்டட வேலையைத்தான் விரிவாக எழுதியிருந்தாய். அதைப் பற்றியும் எழுது.

எனக்கு மே மாதம் ஓய்வு. பிரதிஷ்டைத் தேதி தெரிந்ததும் சொல், கட்டாயம் வருகிறேன். கடைசி பெஞ்சில் இரண்டு பேருமாக உட்காருவோம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்