மூடிய ஸ்டோர்களின் இயந்திரங்களை இரும்புக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

லிந்துலைப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு தேயிலை ஸ்டோரின், அதாவது தேயிலைத் தொழிற்சாலையின், இயந்திரங்களை அண்மையில் பழைய இரும்பு வியாபாரி லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். கொழுந்தை உருட்டும் ரோலர் இயந்திரத்தின் மேசையில் உள்ள பித்தளைக் கட்டைகளைத் தனியே கழற்றி நிறுத்து வாங்கினாராம். அதே மாதிரி ரோலர் ஓடும் ஸ்டோர்கள் நுவரெலியா மாவட்டத்தில் இன்னும் இருக்கின்றன. அங்கே ஒரு கட்டை தேய்ந்தால் புதிதாக வார்க்கத்தான் கொடுக்க வேண்டும். அதுவரை கொழுந்து காத்திருக்குமா?

அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானத்தைப் பற்றி வாசித்ததிலிருந்து இந்த எரிச்சல் கூடிவிட்டது. குண்டுவீச்சு விமானம் என்றதும் இந்நாட்டுத் தமிழருக்கு என்ன ஞாபகம் வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதைப் புகழ எனக்கு மனமில்லை. ஆனால் அதைப் பழுதுபார்க்கிறவர்கள், ஸ்டோர் இயந்திரங்களைப் பழுதுபார்த்த பிட்டரான என் தொழில்காரர்கள். அவர்கள் வேலையை மதிக்காமல் இருக்க முடியவில்லை.

கடைசி பி-52 செய்து முடிந்தது 1962இல். எட்டு என்ஜின் கொண்ட அந்த விமானங்களில் 76ஐ இன்றும் வைத்திருக்கிறார்கள். 2050க்குப் பிறகும் பறக்கவிடுவதாகத் திட்டம். அரிசோனாவில் டூசன் நகருக்கு அருகே, வறண்ட வெளியில், ஓய்வு கொடுத்த விமானங்களை நிறுத்துகிறார்கள். எரிபொருள் குழாய்களில் எண்ணெய் ஓட்டி, திறப்புகளை அடைத்து, மேலே வெள்ளைப் பூச்சு அடித்து வைக்கிறார்கள். வேறு விமானத்துக்குப் பாகம் வேண்டுமென்றால் அங்கிருந்து கழற்றுகிறார்கள். 2016இல் குவாம் தீவில் ஒரு பி-52 எரிந்துபோனது. அதற்கு ஈடாக, 2008இலிருந்து டூசனில் நின்ற ஒன்றைச் சரிசெய்து 2019 மே மாதத்தில் பறக்கவிட்டார்கள்.

பாகம் மட்டும் இருந்தால் போதாது. விமானத்தைத் தூக்கும் ஜாக்கி, இழுக்கும் தண்டு, என்ஜினை இறக்கும் தள்ளுவண்டி, தரையில் நின்று மின்சாரமும் காற்றும் கொடுக்கும் வண்டி எல்லாம் வேண்டும். நம் ஸ்டோர்களிலும் அப்படித்தான். பேரிங்கை இழுத்துக் கழற்ற அந்தந்த ரோலருக்கென்று செய்த புல்லர், வார்ப்புக்கான மர அச்சு, பழைய பிட்டர்கள் அளவு எழுதிய கொப்பி இவை இல்லாமல் பேரிங் கிடைத்தும் பயனில்லை. இரும்பு வியாபாரி மர அச்சைத் தொடுவதில்லை. அது யாருடைய அடுப்புக்கோ போகிறது.

பாலைவனத்தைப் பார்த்து இங்கே வெட்டவெளியில் அடுக்கச் சொல்லவில்லை. நம் மழைக்கும் பனிமூட்டத்துக்கும் ஒரு பருவத்திலேயே எல்லாம் துருவாகிவிடும். கூரை நல்லதாக உள்ள மூடிய ஸ்டோர் ஒன்று போதும். கொழுந்து வாட்டிய மேல்மாடி காற்றோட்டமானது. மர அச்சுகளையும் கிரீஸ் பூசிய பேரிங்குகளையும் அங்கே வைக்கலாம். ரோலரையும் தேயிலை காயவைக்கும் டிரையரையும் கீழேயே விடுங்கள், அந்தப் பலகைத் தளம் பாரம் தாங்காது.

கம்பனிகள் சும்மா கொடுக்க வேண்டாம். வியாபாரி தரும் விலையையே தேயிலைச் சபை கொடுத்து வாங்கி, வேண்டிய தோட்டங்களுக்கும் தனியார் ஸ்டோர்களுக்கும் விற்கட்டும். விற்பனைக்கு முன் பாகப் பட்டியல் எழுதுவதைப் பெருந்தோட்ட அமைச்சு கட்டாயமாக்க வேண்டும். எழுத ஆளில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். என்னைப் போல ஓய்வுபெற்ற பிட்டர்கள் இந்த மலையில் நிறையப் பேர் சும்மா இருக்கிறோம். பஸ் காசும் பிளேன்டீயும் கொடுத்தால் வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டோர் பிட்டர்,
லிந்துலை.