டோசிங் பம்ப் விற்கும் மீன் தொட்டிக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மீன் தொட்டிக் கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

பன்னிரண்டு வருடமாக மீன் தொட்டிக்குள் செடி வளர்க்கிறேன். முதல் கப்பி மீன் ஜோடியை வாங்கியது சென்னை கொளத்தூரில். மீன் இருக்கும் கவரை உடனே பிரிக்காமல் கொஞ்ச நேரம் தொட்டியில் மிதக்க விட வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவரும் அங்கிருந்த ஒரு கடைக்காரர்தான். உங்களைப் போன்றவர்களிடம் கற்றுக்கொண்ட உரிமையில் ஒன்று கேட்கிறேன். செடிக்கான உரத்தைத் தினமும் தானாக அளந்து தொட்டியில் விடும் டோசிங் பம்பை விற்கும்போது, அளந்து காட்டிவிட்டுக் கொடுங்கள்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்தக் கடை என்பது வேண்டாம். போன வருடம் மூன்று ஹெட், அதாவது மூன்று திரவத்தைத் தனித்தனியாக விடும் மூன்று பகுதி உள்ள பம்ப் ஒன்று வாங்கினேன். நைட்ரேட், பாஸ்பேட் உரத்துக்கு ஒரு ஹெட், இரும்பும் மற்ற நுண்சத்துகளும் கலந்ததற்கு ஒன்று, செடிக்குக் கார்பன் சத்து என்று விற்கும் லிக்விட் கார்பனுக்கு ஒன்று. மாட்டித் தர வந்த தம்பி டியூபின் ஒரு முனையை லிக்விட் கார்பன் பாட்டிலுக்குள் விட்டார், மறுமுனையை அளவுக் குவளையில் வைத்தார், பம்பின் அளவைச் சரிபார்க்கும் கேலிபரேஷன் பட்டனை அழுத்தினார். 20 மில்லி விழ வேண்டிய இடத்தில் 13 மில்லிதான் விழுந்தது. "பம்ப் கொஞ்சம் ஸ்லோ சார், சரி பண்ணிடலாம்" என்று 13 என்றே பதிந்துவிட்டுப் போனார்.

பம்ப் ஸ்லோவாக இல்லை. டியூப் காலியாக இருந்தது, அவ்வளவுதான். 3 மில்லிமீட்டர் துளையுள்ள டியூப் ஒரு மீட்டர் இருந்தால் உள்ளே 7 மில்லி பிடிக்கும். குவளைக்கு வராத அந்த 7 மில்லி டியூபுக்குள்தான் நின்றது. ஆனால் பம்புக்கு அது எப்படித் தெரியும்? நாம் 13 என்று சொன்னதை நம்பி, அன்றிலிருந்து கூடுதல் நேரம் ஓட ஆரம்பித்தது. திரையில் 10 மில்லி. தொட்டியில் விழுந்ததோ தினமும் 15 மில்லிக்கு மேல்.

லிக்விட் கார்பன் என்று நாம் விற்று வாங்குவதில் பெரும்பாலும் இருப்பது குளுட்டரால்டிஹைடு. ஆஸ்பத்திரிக் கருவிகளில் கிருமி கொல்லப் பயன்படும் அதே பொருள். முதலில் வாலிஸ்நேரியா இலைகள் கண்ணாடி மாதிரி வெளுத்துக் கரைந்தன. அந்தச் செடிக்கு இது ஒத்துக்கொள்ளாது என்பது தெரிந்த விஷயம் என்பதால் நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் செர்ரி இறால்கள் மேயாமல் ஒரே இடத்தில் நின்றன. காலையில் விளக்கைப் போட்டால் இரண்டு, மூன்று என்று செத்துச் சிவந்து கிடக்கும். தண்ணீரை மாற்றிப் பார்த்தேன், அம்மோனியா சோதித்தேன், ஃபில்டரைக் கழுவினேன். 50 நாள் வர வேண்டிய அரை லிட்டர் பாட்டில் 33-ஆம் நாள் காலியானபோதுதான் உறைத்தது. அதற்குள் முட்டை சுமந்துகொண்டிருந்த இறால்கள் அத்தனையும் போய்விட்டன.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

மாட்டப் போகிறவர்களிடம் இதைச் சொல்லி அனுப்புங்கள். டியூபின் நுனியில் சொட்டு விழும்வரை முதலில் பம்பை ஓட விட வேண்டும். குமிழி ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. அதன் பிறகுதான் அளவு. அதுவும் 5 மில்லியை வைத்துப் பார்த்தால் ஒரு சொட்டுப் பிழையே பெரிதாகத் தெரியும். 50 அல்லது 100 மில்லி ஓட விடுங்கள். குவளையில் போட்ட கோடுகளை நம்ப முடியாது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்ச் போதும். சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் இன்னும் நல்லது, ஒரு கிராம் தண்ணீர் ஒரு மில்லிதான். உரக் கரைசல் தண்ணீரைவிடக் கனமாக இருக்கும் என்பதால் அதை மட்டும் சிரிஞ்சால் அளக்க வேண்டும். பாட்டிலும் டியூபும் கடைசியில் எந்த உயரத்தில் இருக்கப் போகின்றனவோ அங்கேயே வைத்து அளக்கச் சொல்லுங்கள். டியூப் நுனி தண்ணீரில் முங்கக் கூடாது. டியூபை அழுத்தித் திரவத்தைத் தள்ளும் ரோலர் சரியாக அழுத்தாத நாளில், பாட்டில் தொட்டியைவிட உயரத்தில் இருந்தால் மொத்தமும் தொட்டிக்குள் இறங்கிவிடும்.

டியூப் தேய்கிற பொருள் என்பதை வாடிக்கையாளரிடம் மறைக்காதீர்கள். ரோலர் மிதித்து மிதித்து அது தளர்ந்துவிடும், பழையபடி விரியாது, அளவு குறைந்துகொண்டே வரும். முதல் மாதம் கழித்து ஒரு முறை, அப்புறம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடி அளக்க வேண்டும். புது டியூப் மாற்றினால் அன்றைக்கே.

பம்போடு ஒரு 20 மில்லி சிரிஞ்சும், அளந்த தேதியும் அளவும் எழுதிய ஒரு ஸ்டிக்கரும் சேர்த்துக் கொடுத்தால் உங்களுக்கு என்ன செலவாகிவிடும்? என் பம்பின் பக்கவாட்டில் இப்போது நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அளந்தபோது 100-க்கு 96 வந்தது, திருத்திவிட்டேன். தொட்டியில் புது இறால்கள் பதினைந்து விட்டிருக்கிறேன். அதில் ஒன்று முட்டையோடு இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பழைய வாடிக்கையாளர்