மனப்பூர்வமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். மூன்று ஞாயிறாக உன்னிடமிருந்து போன் இல்லை. டெல்லிக் குளிரில் தொண்டை கட்டியிருக்கும் என்கிறாள் அம்மா. தொண்டை கட்டினால் வாட்ஸ்அப்பில் எழுதவுமா முடியாது? சரி, போகட்டும்.

குறிப்புகளை ஒரே இடத்தில் வைக்காதே. நீதானே சொன்னாய், சமூகவியல் அறிஞர் எம்.என்.சீனிவாஸ் ஒரு கிராமத்தைப் பற்றி 18 வருடம் தொகுத்த குறிப்புகள் 1970இல் ஸ்டான்ஃபோர்டில் மூன்று பிரதியும் எரிந்துபோய், மனுஷன் ஞாபகத்திலிருந்தே புத்தகம் எழுதினார் என்று. மூன்று பிரதி எடுத்தவருக்கு ஒன்றை வேறு ஊரில் வைக்கத் தோன்றவில்லை பார்.

உன் ஆராய்ச்சித் தலைப்பு முதலில் கடைமடைப் பாசனம் என்றாய். சங்கத்தில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். பொங்கலுக்கு வந்து, சொத்தில் பங்கு வேண்டாம் என்று அண்ணன் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்த பெண்கள் என்று தலைப்பை மாற்றிவிட்டேன் என்கிறாய். ஏன் என்றால், "தலைப்பு பாதி லைப்ரரியில கிடைக்கும், மீதி வீட்டுல கிடைக்கும்ப்பா" என்று சொல்லிவிட்டு தோசை வார்க்கப் போய்விட்டாய். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

தலைப்பைக் குறை சொல்லவில்லை. உன் கைடு ஒத்துக்கொண்டார் என்றால் சும்மாவா. முறைதான் எனக்குப் பிடிபடவில்லை. பெண்ணுக்குச் சொத்தில் பங்கு தந்த நம் மாநிலத்து 1989 சட்டத்துக்கு முன்னால் எத்தனை பத்திரம், பின்னால் எத்தனை, 2005 மத்தியச் சட்டத்துக்குப் பிறகு எத்தனை என்று எண்ணினால் ஆராய்ச்சி ஆகாதா? வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் கேட்டால்தானா? அதுவும் நம் ஊரிலேயே? ஸ்ரீபுரம் கிராமத்தை ஆராய வந்து அக்கிரகாரத்தில் தங்கிய சமூகவியலாளர் பெத்தேயால் ஆதிதிராவிடர் தெருவுக்குச் சகஜமாகப் போக முடியவில்லை என்றாய். வெளியூர்க்காரருக்கே அப்படி. நீ எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் என் மகள். யார் நிஜத்தைச் சொல்வார்கள்?

நீ என்ன பதில் சொல்வாய் என்றும் தெரியும். எல்லாப் பத்திரத்திலும் ஒரே வரிதான்: யாருடைய தூண்டுதலும் இன்றி, மனப்பூர்வமாக. பட்டீஸ்வரம் அத்தை பத்திரத்திலும் அதே வரி.

அவளுக்கு 1990இல்தான் கல்யாணம். 1989 மார்ச் 25க்குப் பிறகு கல்யாணமான பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று எனக்குத் தெரியும். சங்கத்தில் பேசிக்கொண்டார்கள். அவளுக்குத் தெரியாது. பத்திரம் எழுதுபவர் கடகடவென்று வாசித்தார். "என்னண்ணே எழுதியிருக்கு?" என்றாள். "வழக்கமா எழுதறதுதான்" என்றேன். விரலில் இருந்த மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டாள். அந்தத் தீபாவளிக்கு அவளுக்கு எடுத்த புடவை எப்போதும் எடுப்பதைப்போல இரண்டு மடங்கு விலை. உன் அம்மா கூட ஏன் என்று கேட்டாள்.

பொங்கலுக்கு மறுநாள் நீ தனியாகப் பட்டீஸ்வரம் போய்வந்தாய். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

மேஜையில் விட்டுப்போன கேள்விப் பட்டியலைப் படித்தேன். நன்றாகத்தான் கேட்டிருக்கிறாய். ஆனால் எல்லாம் தங்கைகளுக்கு. அண்ணன்மாருக்கு ஒரு கேள்விகூட இல்லையே, ஏன்? கைடிடம் கேட்டுப் பார். மாசிமகத்துக்கு வரும்போது ரிக்கார்டரை எடுத்து வா. அம்மா கோயிலுக்குப் போகும் நேரமாக வைத்துக்கொள்ளலாம்.

குறிப்புகளை ஒரே இடத்தில் வைக்காதே. பத்திரத்தின் நகல் பீரோவில், உன் பள்ளிக்கூடச் சான்றிதழ்களுக்கு அடியில் இருக்கிறது.

அப்பா