‘தாய்மார்களின் அறியாமை’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கருவில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் மூளையையும் ஞாபகசக்தியையும் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான்கு பக்கம், வண்ணப்படங்களோடு. சந்தோஷம். நடுவில் ஒரு வரி: “ராமநாதபுரம் போன்ற பின்தங்கிய கடலோர மாவட்டங்களில் இதற்குத் தாய்மார்களின் அறியாமையே காரணம்.” அந்த ஒரு வரியில் எங்களை முடித்துவிட்டு, ஹாலந்துப் பஞ்சத்தைப் பற்றிச் சொல்ல அங்கே கப்பல் ஏறிவிட்டார் கட்டுரையாளர்.

மண்டபம் பக்கத்தில் 29 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள் நான். தராசில் தொங்கவிட்ட பிள்ளைகளுக்குக் கணக்கில்லை. 2.5 கிலோவுக்குக் கீழே முள் நின்றால் எடைகுறைவு. அதிலும் குறைமாதத்தில் பிறந்ததால் எடை குறைந்த பிள்ளை வேறு, மாதம் நிறைந்தும் உள்ளே வளராமல் பிறந்த பிள்ளை வேறு. உங்கள் கட்டுரை இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியிருக்கிறது. இரண்டாவது வகையைப் பெரும்பாலும் பார்த்ததுமே சொல்லிவிடலாம். தொடைத்தோல் சுருங்கி, உடம்பு சூம்பி, தலை மட்டும் பெரிதாகத் தெரியும். நஞ்சுக்கொடி வழியாக வருவது போதாதபோது, வயிற்றுப்பிள்ளை மற்ற உறுப்புகளின் பங்கைக் குறைத்து ரத்தத்தை மூளைக்குத் திருப்பிவிடுகிறது. அப்படியும் மூளை முழுசாகத் தப்புவதில்லை.

ஞாபகத்துக்கு முக்கியமான மூளைப்பகுதியான ஹிப்போகேம்பஸ் எளிதில் அடிபடும் என்று எழுதியிருந்தீர்கள், சரி. அந்தக் கிரேக்கப் பெயருக்குக் கடல்குதிரை என்று அர்த்தம், வடிவம் அப்படி. இதைச் சொல்லியிருந்தால் எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சட்டென்று விளங்கியிருக்கும். வலையை உதறும்போது சுருண்ட வாலோடு அது விழுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். 2001-லிருந்து கடல்குதிரையைப் பிடித்தால் வனத்துறை வழக்குப் போடும். பிள்ளைகள் மண்டைக்குள் இருக்கும் கடல்குதிரைக்கு அப்படி ஒரு சட்டம் இன்னும் வரவில்லை.

அறியாமைக்கு வருகிறேன். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலில் தட்டைக் கட்டிக்கொண்டு பாசி எடுக்க முங்கும் பெண்களை உங்களுக்குத் தெரியும். சில வருடம் முன்பு அட்டையிலேயே படம் போட்டு ‘கடல் கன்னிகள்’ என்று தலைப்புக் கொடுத்தீர்களே, அவர்கள்தான். (அப்போது நான் எழுதிய கடிதம் வரவேயில்லை. போகட்டும்.) ஏழாம் மாத வயிற்றோடு வள்ளத்தில் ஏறிய ஒருத்தியைத் தடுத்தேன். “தடைக்காலம் 61 நாளும் அவரு வீட்டுலதான் இருந்தாரு நர்சம்மா. அப்ப வாங்குன கடனை நீங்க கட்டுவீகளா?” என்றாள். நான் கையில் வைத்திருந்தது இரும்புச்சத்து மாத்திரை அட்டை. அதை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன், வேறென்ன செய்ய?

தண்ணீரையும் சொல்ல வேண்டும். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி வைத்துக்கொண்டு லாரிக்குக் காத்து நிற்பது எங்கள் ஊர்களில் பெண்கள் வேலை, வயிற்றுப்பிள்ளைக்காரியானாலும். அன்று லாரி வராவிட்டால் உவர்ப்புத் தண்ணீர்தான் குடி. வங்கதேசக் கடலோரத்தில் உப்பு கலந்த தண்ணீர் குடிக்கும் கர்ப்பிணிகளுக்கு ரத்தக்கொதிப்பு அதிகம் வருவதாக ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். ரத்தக்கொதிப்பு ஏறினால் நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறையலாம், பிள்ளை வளராது. உங்களுக்குத் தெரியாததா இது? ஆனால் கட்டுரையில் தண்ணீர் என்ற சொல்லே இல்லை.

அறியாமையே கிடையாது என்று சாதிக்க வரவில்லை. ‘பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டம்’ என்று எட்டாம் மாதத்தில் மருமகளுக்கு அரைச்சோறு போட்ட மாமியார்களோடு மல்லுக்கட்டியவள்தான் நான். ஆனால் என் மூத்த மகன் பிறந்தபோது 1,900 கிராம். நான் செவிலியர், மாத்திரை என் பையிலேயே கிடந்தது. ஆறாம் மாதத்தில் கொதிப்பு ஏறி, கால் வீங்கி, விடுப்புக்கு எழுதிப் போட்டேன். பதில் வருவதற்குள் பிரசவமே ஆகிவிட்டது. இதில் யாருடைய அறியாமை என்று உங்கள் கட்டுரையாளரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

அவன் கடைக்குப் போனால் மூன்று சாமானில் இரண்டுதான் வரும். வாய்ப்பாடு ஏழுக்கு மேல் ஏறவில்லை. ‘மறதி மன்னன்’ என்று வாத்தியார் பெயர் வைத்தார், பிள்ளைகள் சிரித்தார்கள். நான் பள்ளிக்கூட வாசலில் நின்று அழுதிருக்கிறேன். இன்றைக்கு அவன் சொந்தமாக வள்ளம் வைத்திருக்கிறான். கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் கண்ணாலே கோடு போட்டு, கடலுக்குள் எந்தப் பாறை எங்கே கிடக்கிறது என்று சொல்வான். கடைக்கு இப்போதும் சீட்டு எழுதித்தான் கொடுக்கிறேன்.

“இத்தகைய குழந்தைகள் ஞாபகசக்தியில் பின்தங்கியே இருப்பர்” என்று முடித்திருக்கிறீர்கள். அந்த ‘ஏ’ யார் கொடுத்தது? மருத்துவம் படிக்கும் என் பேத்தி எடுத்துக் காட்டினாள். நீங்கள் சொன்ன அதே ஹாலந்தில், 1944-45 பஞ்சத்தில் கருவில் இருந்தவர்களை 18, 19 வயதில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது சோதித்தார்கள். அறிவுத்திறனில் வித்தியாசம் தெரியவில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகுதான், கவனத்தைச் சோதிக்கும் ஒரு பரீட்சையில் அவர்களில் ஒரு சாரார் பின்தங்கினார்கள். பாதியை மட்டும் எழுதினால் எங்கள் பிள்ளைகளின் தலையெழுத்தையே எழுதினமாதிரி ஆகிவிடாதா? தாய்ப்பால், நெஞ்சோடு அணைத்து வைப்பது, பேச்சுக்கொடுத்து விளையாடுவது என்று பிறந்த பிறகும் செய்ய எவ்வளவோ இருக்கிறது.

‘பின்தங்கிய’ என்பதையும் விடமாட்டேன். அரசாங்கமே 2018-ல் ‘முன்னேற விழையும் மாவட்டம்’ என்று மரியாதையாகப் பெயர் வைத்துவிட்டது. உங்களுக்கு நாங்கள் டிசம்பர் வந்தால் தனுஷ்கோடி புயல், மற்ற மாதங்களில் பாம்பன் பாலம்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், கர்ப்பிணிகள் உட்காரும் பெஞ்சில் உங்கள் பழைய இதழ்கள்தான் கிடக்கின்றன. அடுத்த இதழில் ஒரு சின்னப் பெட்டி போடுங்கள்: இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு விழுங்கக்கூடாது; எலுமிச்சைச் சாறோடு சாப்பிட்டால் நன்றாக உடம்பில் ஒட்டும்; மலம் கறுப்பாகப் போனால் பயந்து மாத்திரையை நிறுத்த வேண்டாம். கோலப்போட்டி முடிவுகளைக் கொஞ்சம் சுருக்கினால் இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
மண்டபம் வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்.