உப்பிடும் முன் ஒரு பிடி

மேலூர்
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இவ்விடம் நானும் அப்பாவும் நலம். அவ்விடம் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருக்க அழகர் துணை.

நேற்று வீடியோ அழைப்பில் நீ பேத்திக்குச் சாப்பாடு கொடுத்ததை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். பேரிக்காயும் பசலைக்கீரையும் சேர்த்து அரைத்த அந்தப் பாட்டில் கூழை நீ கரண்டியில் எடுத்து நீட்டிய ஒவ்வொரு முறையும் அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். நான்காவது முறை கரண்டியைத் தட்டியே விட்டாள். மறு நொடியில் உன் தட்டிலிருந்த தோசையை எட்டிப் பிடித்தாள். நீ பதறிப்போய் அதை அவள் கையிலிருந்து பிடுங்கினாய். "பத்து மாதம் ஆகிறது, எதையும் சாப்பிட மாட்டேன் என்கிறாள் அம்மா" என்று நீ சொன்னபோது உன் குரல் கம்மியிருந்தது. மாப்பிள்ளை பக்கத்தில் இருந்ததாலும், இதையெல்லாம் போனில் சொன்னால் பாதி உன் காதில் ஏறாது என்பதாலும் அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. அங்கன்வாடியில் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சோறூட்டச் சொல்லிக்கொடுத்தவள் பெற்ற மகளிடம் மட்டும் வாயை மூடிக்கொண்டிருப்பதா என்று இரவெல்லாம் தூக்கம் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

சாப்பாட்டின் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. கூழின் காலம் அவளைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது, அவ்வளவே. அந்தப் பாட்டிலை நான் குறை சொல்லவில்லை. ஆறு மாதத்தில், வேலைக்குத் திரும்பிய கையோடு நீ திண்டாடியபோது அதுதான் உனக்குக் கைகொடுத்தது. அந்த வயதில் வழவழப்பாக இருப்பதே குழந்தையின் நாக்குக்கும் தோதானது. ஆனால் எட்டு, ஒன்பது மாதத்தில் தாடை மேலும் கீழுமாக மட்டுமின்றிப் பக்கவாட்டிலும் அசையப் பழகுகிறது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு பருக்கையைக்கூட எடுக்கப் பழகுகின்றன. நாங்கள் அங்கன்வாடியில் இணை உணவு என்று சொல்வோமே, அதன் ஒழுங்கும் இதுதான்: ஆறு மாதம் முடிந்ததும் மசித்தது, பிறகு கெட்டியானது, எட்டு மாதம் முதல் தானே கையில் எடுத்துத் தின்னக்கூடியது, ஒரு வயதில் வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதில் அவளுக்கும் ஒரு பங்கு. கடைவாய்ப் பல் முளைக்காமல் எப்படி மெல்லுவாள் என்று நீ கேட்பாய். கடைவாய்ப் பல் ஒரு வயதுக்கு மேல்தான் வரும். அதுவரை ஈறே போதும். உன் விரலை அவள் கடித்தபோது நீ கத்தியது எனக்கு நினைவிருக்கிறது.

உன் அண்ணனிடம் நான் செய்த தவறு உனக்குத் தெரியாது. முதல் பிள்ளை, எனக்கு இருபத்திரண்டு வயது, தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயத்தில் ஒன்றரை வயது வரை அவனுக்கு எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்தே கொடுத்தேன். விளைவு என்ன தெரியுமா? ஒரே ஒரு சோற்றுப் பருக்கை வாயில் தட்டுப்பட்டால் போதும், நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, யாராவது வந்து அந்தப் பருக்கையை எடுத்துவிடும்வரை அப்படியே அசையாமல் நிற்பான். அவனுக்கு மொட்டை போட அழகர் கோயிலுக்குப் போனபோது பிரசாதத் தோசையில் ஒரு துணுக்கு வைத்ததற்கே குடித்த பாலையெல்லாம் வாந்தியெடுத்துவிட்டான். கடைசியில் உன் அப்பத்தாதான் ஒரு மாதம் அவனைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மற்றப் பேரப்பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்கவிட்டு, ஒரு நாளைக்கு ஒரு பருக்கை, இரண்டு பருக்கை என்று பழக்கினார்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், ஒன்பது பத்து மாதத்தைத் தாண்டியும் கட்டி முட்டியுள்ள உணவைக் காட்டாமல் இருந்தால் பிற்காலத்தில் சாப்பாட்டுத் தொல்லை கூடும் என்பதைப் பயிற்சியில் கேட்டேன். அன்று வகுப்பில் நான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

ஆகவே நாளைக் காலையே மிக்ஸியை எடுத்து மேல்தட்டில் வைத்துவிடு. ஒரு பிடி அரிசிக்குக் கால் பிடி பாசிப்பருப்பை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, இரண்டையும் கழுவி, நாலைந்து பங்கு தண்ணீர், சிட்டிகை மஞ்சள்தூள், இரண்டு சிட்டிகை சீரகம் போட்டுக் குக்கரில் ஐந்து விசில் விடு. திறந்தவுடன் குழைவாக இருக்கும். அதில் ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் விட்டு, அரை ஸ்பூன் நெய் ஊற்றி, கை பொறுக்கும் சூடு வந்ததும் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஒரே பக்கமாக அழுத்தித் தேய். முதல் நான்கு நாள் முக்கால்வாசி மசியட்டும். அடுத்த வாரம் கரண்டியின் பின்புறத்தால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். மூன்றாம் வாரம் பருக்கை பருக்கையாகவே விட்டுவிடு. பதத்துக்கு நாங்கள் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்த சோதனை ஒன்று உண்டு: கரண்டியைச் சாய்த்தால் உணவு ஓடிவிடக் கூடாது, ஒட்டி நின்று மெல்ல விழ வேண்டும். குழந்தையின் வயிறு சிறியது. நீர்க்க நீர்க்கக் கொடுத்தால் வயிறு நிரம்பும், உடம்பில் ஒட்டாது.

அலமாரியில் இன்னும் பதினைந்து பாட்டில் இருப்பதாகச் சொன்னாய். அவற்றைத் தூக்கிப்போட வேண்டாம். சீனிக்கிழங்குக் கூழைப் பருப்புச் சோற்றில் குழம்பு போலப் பிசைந்துகொள், பேரிக்காய்க் கூழைக் கெட்டித் தயிரில் கலந்துகொள். தெரிந்த ருசியின் துணையோடு தெரியாத பதம் உள்ளே போய்விடும். ஒன்று மட்டும் கவனி. காய்கறி என்று எழுதியிருக்கும் பாட்டில்கள் பலவற்றிலும் ஆப்பிளோ பேரிக்காயோதான் முதலில் நிற்கும். அதனால் அவளுக்குக் கீரையும் இனிப்பு, பட்டாணியும் இனிப்பு என்றே பழகியிருக்கும். புடலங்காயின் ருசியும் முருங்கைக்கீரையின் ருசியும் முதல் நாள் அவளுக்குப் பிடிக்காமல் போனால் அதில் வியப்பில்லை. ஒரு புது உணவை எட்டு, பத்து முறை வைத்த பிறகே சில குழந்தைகள் ஏற்கும். இரண்டாம் நாளே "இவளுக்குக் கீரை ஆகாது" என்று தீர்ப்பு எழுதிவிடாதே.

அவள் பிடித்த தோசைக்கு வருகிறேன். மொறுமொறுப்பான ஓரம் வேண்டாம். கொஞ்சம் தடிமனாக ஊற்றி, மூடி போட்டு வேகவைத்த மெத்தென்ற தோசையை உன் சுண்டுவிரல் நீளத்துக்குக் கிழித்துக் கொடு. இட்லியையும் அப்படியே நீளவாக்கில் நறுக்கி, பருப்புத் தண்ணீரிலோ நெய்யிலோ தோய்த்துக் கொடு, ஏனென்றால் உலர்ந்த இட்லி மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும். ஒரு வயது வரை தனியாக உப்பும் சர்க்கரையும் வேண்டியதில்லை என்பதால், மாவில் உப்புப் போட்டுக் கரைக்கும் முன்பே அவளுக்கென்று ஒரு கிண்ணம் தனியே எடுத்து வைத்துவிடு. உப்பில்லாமலும் மாவு புளிக்கும். இந்த ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் அவளுக்கென்று தனிச் சமையலே தேவையில்லை. சாம்பாரில் புளியும் மிளகாய்த்தூளும் உப்பும் விழுமுன் வெந்த பருப்பும் காயும் ஒரு கரண்டி, பொரியலில் தாளித்துக் கொட்டுமுன் வெந்த பீன்ஸ் நான்கு, கறிக்குழம்பில் மசாலா இறங்குமுன் பஞ்சாக வெந்த கறி ஒரு துண்டு. அடுப்பு ஒன்றுதான், அவளுடைய பங்கு மட்டும் ஒரு நிமிடம் முன்னால் இறங்குகிறது.

கறியை எழுதியதும் இரும்புச் சத்து நினைவுக்கு வருகிறது. வயிற்றிலிருந்து கொண்டுவந்த இருப்பு ஆறு மாத வாக்கில் தீரத் தொடங்கும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு. நீ இருக்கும் அமெரிக்காவின் கணக்குப்படி 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 11 மில்லிகிராம் இரும்பு வேண்டும். வளர்ந்த ஆணுக்கு 8 போதும். அதாவது உன் அப்பாவை விட உன் மகளுக்குக் கூடுதலாக வேண்டும்! இதைச் சொன்னதும் அப்பா நம்பாமல் இரண்டு முறை கேட்டார். நம் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கும் சவலைப் பிள்ளைக்கும் கறிக்கடையில் சொல்லிவைத்துச் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வாங்குவார்கள். அந்த ஊரில் அது கிடைக்காவிட்டால் கோழி ஈரலை நன்றாக வேகவைத்து, மசித்து, வாரம் ஒரு முறை ஒரு ஸ்பூன் கொடு. ஈரலில் வைட்டமின் ஏ மிகுதி, அதனால் அதற்கு மேல் வேண்டாம். முட்டையின் மஞ்சளையும் வெள்ளையையும் முழுவதும் வேகவைத்தே கொடு. பருப்பும் கீரையும் கொடுக்கும் வேளையில் தக்காளியோ, இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் இரும்பு உடம்பில் நன்றாகப் பிடிக்கும். கேப்பையை முளைகட்டி, காயவைத்து, திரித்து வைத்திருக்கிறேன். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள தானியம் அது. அடுத்த மாதம் அங்கே வரும் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இனி உன் பயத்துக்கு வருகிறேன். அதை நான் எள்ளி நகையாட மாட்டேன். நீ தெரிந்துகொள்ள வேண்டியது, குமட்டல் வேறு, மூச்சடைப்பு வேறு. குழந்தைக்குக் குமட்டும் இடம் நாக்கில் நம்மைவிட முன்னால் இருக்கிறது. அதனால் புதுப் பதம் பட்டதும் முகம் சிவந்து, "ஓக்" என்று சத்தம் போட்டு, கண்ணில் நீர் தளும்ப வெளியே தள்ளுவாள். அது காவல். நீ கையைக் கட்டிக்கொண்டு சிரித்த முகமாக இருந்தால் தானே சரிசெய்துகொள்வாள். விரலை வாய்க்குள் விட்டுத் துழாவினால் முன்னால் இருந்ததும் உள்ளே போய்விடும். மூச்சடைத்த குழந்தை சத்தம் போடாது. அழ முடியாது, இரும முடியாது, உதடு நீலம் பாரிக்கும். அப்போது தலை தாழ இருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து முறை தட்ட வேண்டும்; வரவில்லையென்றால் மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் ஒரு கையின் உள்ளங்கை அடியால் ஐந்து முறை அழுத்த வேண்டும்; பொருள் வெளியே வரும்வரை இதையே மாறி மாறிச் செய்ய வேண்டும். உடனிருப்பவர் 911-ஐ அழைக்கட்டும். எழுத்தில் படித்தால் கை பழகாது. நீயும் மாப்பிள்ளையும் ஒரு நாள் விடுப்பெடுத்தாவது முதலுதவி வகுப்புக்குப் போய் வாருங்கள்.

கொடுக்கும் எதையும் உன் இரண்டு விரலுக்கிடையே வைத்து நசுக்கிப் பார்; நசுங்கினால் அவள் ஈறும் நசுக்கும். முழுத் திராட்சை, வேர்க்கடலை, பாப்கார்ன், பச்சைக் கேரட், தேங்காய்ச் சில்லு, முறுக்கு இவையெல்லாம் இன்னும் சில ஆண்டுகளுக்கு அவள் பக்கமே வரக் கூடாது. திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கினால் கொடுக்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில், யாராவது எதிரில் இருக்கும்போது மட்டும் சாப்பிடட்டும். காரில் வேண்டாம், தவழும்போது பின்னால் போய் ஊட்டுவதும் வேண்டாம். நாங்கள் இடுப்பில் தூக்கிக்கொண்டு நிலாவைக் காட்டி ஊட்டியவர்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நிலா ஒரு நேரத்தில் மேகத்துக்குள் போய்விடும். நீ காட்டும் போன் போகாது.

வேர்க்கடலையை முழுதாக வேண்டாம் என்றேனே தவிர, அறவே ஒதுக்கி வைப்பதும் தவறு. லண்டனில் 640 குழந்தைகளை வைத்து நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், ஒவ்வாமைக்கு வாய்ப்புள்ள குழந்தைகளிலும் சிறு வயதிலேயே கடலை கொடுக்கப்பட்டவர்களுக்குக் கடலை ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது. வறுத்த கடலையை வெண்ணெயாக அரைத்து, வெந்நீரிலோ தயிரிலோ நீர்க்கக் கரைத்து, முதல் நாள் கால் ஸ்பூன், பகல் வேளையில் கொடுத்துப் பார். மூன்று மாதத்தில் அவள் கன்னத்தில் வந்த கரப்பான் படை இன்னும் முழுதாக ஆறவில்லையென்றால், அதற்கு முன் டாக்டரைக் கேட்டுக்கொள்.

தேன் கூடாது, ஒரு சொட்டும் கூடாது. அவள் பிறந்தபோது நாக்கில் முதல் இனிப்பாகச் சேனை தொட்டுவைக்க உன் பெரியத்தை தேன் கிண்ணத்தோடு நின்றதையும், நான் மறித்ததால் ஆறு மாதம் அவர்கள் என்னோடு பேசாமல் இருந்ததையும் நீ அறிவாய். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். பிறந்தநாளுக்குப் பிறகு அவர்கள் ஆசைப்படி வைத்துக்கொள்ளட்டும்.

பாலை உடனே குறைத்துவிடாதே. தாய்ப்பால் இரண்டு வயதுக்கும் மேலும் கொடுக்கலாம்; பசும்பாலைக் குடிக்கக் கொடுப்பது மட்டும் ஒரு வயது முடியட்டும், தயிர் இப்போதே ஆகும். நாளைக்கு மூன்று நான்கு வேளை, வேளைக்கு அரைக் கிண்ணம் என்பது ஒரு கணக்குக்குத்தான். ஒரு நாள் முழுக்கிண்ணமும் காலியாகும், மறுநாள் இரண்டு வாயோடு முகத்தைத் திருப்புவாள். திருப்பினால் தட்டை எடுத்துவிடு, திணிக்காதே. சோறு தலையில் அப்பும், காதுக்குள் போகும், தரையெல்லாம் கிடக்கும். நாற்காலிக்கு அடியில் விரிக்க என் பழைய சுங்குடிச் சேலை ஒன்றை மாவோடு சேர்த்து அனுப்புகிறேன். துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகியிருக்கிறது.

வரும் ஞாயிறு அங்கே காலைச் சாப்பாட்டு வேளைக்கு அழைக்கிறேன். போனை அவள் கையில் கொடுக்காமல், எதிரே தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வை. நீயும் உன் தட்டில் இட்லி போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார். நீ சாப்பிட்டும் நாளாயிற்று என்று உன் முகத்தில் தெரிகிறது.

அன்புடன்,
அம்மா

பின்குறிப்பு: பேத்தியிடம், அம்மாச்சி தோசையைப் பிடுங்கச் சொல்லவில்லை என்று சொல்.